கலாமணியின் இரண்டு நொடி

யானையா எறும்பா, எது பெரிசு என்று கேட்டால் கலாமணி இப்போதெல்லாம் இரண்டு நொடி கழித்துத்தான் பதில் சொல்கிறாள். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்த கும்பலில் நானும் ஒருத்தி. கும்பலைக் கூட்டியவளே நான்தான் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு எதுவானாலும் பெரும்பாலும் நான் கிளப்பியதாக இருக்கும். இது மற்றவர்கள் கிளப்பியது. அதனால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

என் வீடு சி பிளாக் தரைத்தளம், லிஃப்டுக்கு நேர் எதிர். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் போதும், முப்பத்திரண்டு வீட்டுச் செய்தியும் வாசலுக்கு வந்துவிடும். நான் போய்க் கேட்பதில்லை. வருவதைத் தள்ளுவதும் இல்லை.

கலாமணி மூன்றாவது மாடி. அண்ணன் சென்னியப்பன் வீட்டில் இருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர். சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள், மனிதர் கண் திறக்கவே இல்லை. ஐந்து வயது தர்ஷிணியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், மறு மாசமே தெருமுனை பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே அவள் வேகம் பிரசித்தம். கண்ணாடி அலமாரி முன்னால் நின்று தேங்காய் பன்னா, ஜாம் பன்னா என்று நாம் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, "தேங்காய் பன் எடுத்துக்கோங்க்கா, ஜாம் நேத்துப் போட்டது" என்று முதலாளி காதில் விழாமல் சொல்லிப் பொட்டலத்தை நீட்டிவிடுவாள்.

சென்னியப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பம்ப்செட் கம்பெனி ஃபோர்மேன், தோள் அகலத்துக்குக் கதவில் இடித்துக்கொள்கிற ஆள், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது சட்டை மட்டும் வருவதுபோல் லிஃப்டுக்குள் நுழைவார். பெண்சாதி வசந்தாமணிக்குச் சர்க்கரை, அவளிடமிருந்து எடுக்க முடியாது. கலாமணியுடையது பொருந்தியது.

நல்ல மனிதர். "கட்டாயமில்ல கண்ணு, உனக்கு மனசிருந்தா மட்டும்" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை தங்கையிடம் சொன்னார். அதை மூன்று தடவை காதில் வாங்குகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வசந்தாமணி ஒரு படி மேல். இட்லி வைக்கும்போது, "தின்னு அம்மிணி, ஒடம்பத் தேத்தோணுமல்ல" என்பாள். தட்டில் ஒன்று அதிகமாக விழும்.

இந்த இடத்தில்தான் துலா வருகிறது.

உறுப்பு கொடுக்க வருகிறவர்களைக் கமிட்டிக்காரர்கள் நேரில் உட்காரவைத்து "மனப்பூர்வமாகத்தான் கொடுக்கிறீர்களா" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் போய், மூன்று வருஷமாக ஒரு இயந்திரம் கேட்கிறது. கேட்கிறது என்றால் குரல் கிடையாது. ஒரு தனி அறை, ஒரு திரை. போனில் யாரோடோ மெசேஜ் போட்டுக்கொள்வதுபோல ஒரு மணி நேரம் அதோடு பேச வேண்டும். அதற்குப் பெயர் துலா. அதைச் செய்த ஆய்வகத்தில்தான் என் தம்பி மகள் மதுவந்தி வேலை பார்க்கிறாள், மன ஒப்பீடு பற்றிப் படித்தவள். மன ஒப்பீடு என்றால் மாமியார்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதானே என்று நான் கேட்டதற்குச் சிரிக்கவில்லை. அவளுக்கு நகைச்சுவை கொஞ்சம் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைத்து அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். குழம்பு எதற்கென்று அவளுக்கும் தெரியும்.

"யானையா எறும்பா அத்தை, எது பெருசு?"

"யானை. என்னடி கேள்வி இது?"

"எருமையா குதிரையா?"

"எரு... இல்ல, குதிரை ஒசரமல்ல. எருமைன்னா அகலம். ஏன், நீயே சொல்லு."

"பாத்தீங்களா, எவ்வளவு நேரம் ஆச்சு. மனசுக்குள்ள ஒரு நீளமான கோடு இருக்குன்னு வெச்சுக்கோங்க. யானை இந்தக் கோடியில, எறும்பு அந்தக் கோடியில. தூரமா நிக்கறதால பாத்ததும் சொல்லிரலாம். எருமையும் குதிரையும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. எது முந்தி நிக்குதுன்னு எட்டிப் பாக்கோணும். அந்த எட்டிப் பாக்கற நேரத்தைத்தான் துலா அளக்குது."

"இதுல கிட்னி எங்க வருது?"

"யானை எறும்பு கேட்டுட்டே நடுநடுவுல மத்ததையும் கேக்கும். குடுக்கறது, குடுக்காதது. அண்ணன், புள்ள. ஒருத்தருக்கு இது ரெண்டும் தூரத் தூரமா இருந்துச்சுன்னா மனசு தெளிவா இருக்குதுன்னு அர்த்தம். ஒட்டிட்டு நின்னுச்சுன்னா யானைக்கு ஆனதவிட ரொம்ப நேரமாகும். வித்தியாசம் அதிகமா இருந்தா ஆபரேஷனுக்கு அனுப்ப மாட்டோம்."

"மாட்டேன்னு நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. வீட்டுல அந்தப் பொண்ணச் சும்மா விடுவாங்களா?"

மதுவந்தி எலும்பைத் தட்டில் வைத்தாள். "அதுக்கு ஒரு ஏற்பாடு இருக்குதுங்கத்தை. மனசில்லைன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. கடைசி டெஸ்ட்டுல ரத்தம் ஒத்துவரலைன்னு டாக்டர் சொல்லிருவாரு. வீட்டுல கேள்வி கேக்க முடியாது. துலா செஞ்சதே அதுக்குத்தான். வாய் விட்டு வேண்டாம்னு சொல்ல முடியாதவங்க எத்தனையோ பேரு இருக்காங்கல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது உங்களோட இருக்கோணும்."

இருக்கும் என்றேன். பி பிளாக் விசாலத்திடம் மட்டும் சொன்னேன். ஒருத்தியிடம் சொல்வது சொல்வதில் சேராது என்பது என் கொள்கை. விசாலத்துக்கும் அதே கொள்கை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் வசந்தாமணி என் வாசலில் நின்றாள். பேக்கரி வேலை முடிந்து கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு கலாமணி லிஃப்டுக்குக் காத்திருந்தாள்.

"ஏனுங்க்கா, ரத்தம் ஒத்துவரலைன்னு டாக்டர் சொன்னா, மனசு ஒத்துவரலைன்னு அர்த்தமாமல்ல? நெசமுங்களா?"

"அப்படித்தான் பேசிக்கறாங்க" என்றேன், நான் பேசாததுபோல.

"நல்லவேளை தெரிஞ்சுது. இல்லீன்னா டாக்டர் சொன்னத நம்பிட்டுல்ல உக்காந்திருப்போம்." வசந்தாமணி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம அம்மிணிக்கு அந்தப் பயமெல்லாம் இல்ல. அப்படித்தான?"

"ஆமாங்கண்ணி" என்றாள் கலாமணி.

லிஃப்ட் வந்து திறந்தது. அவள் ஏறவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டு ஆளில்லாமல் மேலே போயிற்று. மறுபடியும் பொத்தானை அழுத்திவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். அசதி என்று நினைத்தேன். நாள் பூராவும் நிற்கிறவள் அல்லவா.

எதற்காவது பரீட்சை என்று பெயர் வைத்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு ஒரு கோச்சிங் முளைத்துவிடும். ஏ பிளாக் வேலுமயில் சார் முப்பது வருஷம் கணக்கு டியூஷன் எடுத்தவர், பாதிப் பீளமேட்டை இன்ஜினியர் ஆக்கியவர். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பாடம் தெரியோணும்னு அவசியமே இல்லீங்க. எப்படித் திருத்தறாங்கன்னு தெரிஞ்சா போதும்."

அசோசியேஷன் ஹாலில் தினமும் சாயங்காலம் வகுப்பு. ஒரே மாணவி, வேடிக்கை பார்க்கப் பதினைந்து பேர். சார் கையில் போனை வைத்து நேரம் பார்த்தார். உப்பா சர்க்கரையா, எது இனிப்பு? அரை நொடி. ஊட்டியா கோயமுத்தூரா, எது குளிர்? அரை நொடி. பேக்கரிக்காரி அல்லவா, அம்புபோல வந்தது பதில். சார் தலையாட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தர்தான் கண்ணு முழிக்கறாங்கன்னு வெச்சுக்கம்மா. அண்ணனா நீயா?"

கலாமணி டியூப்லைட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு பூச்சி முட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் வசந்தாமணி முந்தானையைச் சரிசெய்தாள். தர்ஷிணி பின்னால் வீட்டுப்பாடம் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணன்."

"ஒம்போது செகண்ட்" என்றார் சார்.

"டென்ஷனுங்க" என்றேன் நான். எல்லோரும் ஆமாம் டென்ஷன் என்றார்கள்.

மூன்று நாள் முயன்றும் ஒன்பது எட்டானது, எட்டு ஆறானது, அதற்குக் கீழே இறங்கவில்லை. நான்காம் நாள் சாருக்கு உதித்தது. கஷ்டமான கேள்வியை இதற்குமேல் வேகமாக்க முடியாது. சுலபமான கேள்வியை மெதுவாக்கலாமே. அந்த இயந்திரம் பார்ப்பது வித்தியாசத்தைத்தானே? யானைக்கும் நேரம் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் எங்கே இருந்து வரும்?

"எதக் கேட்டாலும் மனசுக்குள்ள ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு எண்ணிட்டு அப்பறம் அமுத்து. பெரிய கேள்வியெல்லாம் மனப்பாடம். அதுக்கும் அதே ரெண்டு செகண்ட். நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம்மா. யோசிச்சாத்தான் தப்பு."

முப்பத்தெட்டுக் கேள்வி, பதிலோடு, தட்டச்சு செய்து நகல் எடுத்துக் கொடுத்தார். பயிற்சியை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். லிஃப்டுக்கு அவள் வரும்போதெல்லாம் நான் வாசலிலிருந்து ஒன்றைப் போடுவேன். "கலாமணி, பூசணிக்காயா சுண்டக்காயா, எது கனம்?" அவள் நிற்பாள். உதடு லேசாக அசையும். "பூசணிங்க்கா." பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும், சிரிக்கவும் செய்தோம். அவளும் கூடச் சிரித்தாள், அதுவும் இரண்டு நொடி கழித்து.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் வந்து, கேட்காமலே உட்கார்ந்து, நான் ஆய்ந்துகொண்டிருந்த கீரையில் ஒரு கைப்பிடி எடுத்து அவளும் ஆய ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்த மெஷினு நெசமாலுமே கண்டுபுடிச்சுருமுங்களா?"

"எத?"

"மனசுல இருக்கறத."

"கண்டுபுடிக்குமாம். அத்தனை படிச்ச புள்ளைங்க செஞ்சதாச்சே."

"நாம யாருக்கும் சொல்லலீன்னாலுமுங்களா?"

"ஆமாங்கறேன்."

அவள் கையில் கீரைத்தண்டு அப்படியே நின்றது. "யாருக்கும் ஒண்ணும் தெரியாம அப்படியே போயிருந்தா ஆயிருக்குமல்லங்க்கா. இந்தக் கிளாஸெல்லாம் இல்லாம."

நான் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தேன். "வெசனப்படாத கண்ணு. நாங்க இத்தனை பேரு இருக்கோம். கண்டுபுடிக்க உட்டுருவோமா?"

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. கீரை நறுக்கக் கத்தியைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், அந்த அளவுக்கு இப்போது பழகியிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தாள். இரண்டு நாளில் முடிவு வந்தது: மனத் தெளிவு உண்டு, அனுமதிக்கலாம். வசந்தாமணி முப்பத்திரண்டு வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். வேலுமயில் சார் அவருடைய பழைய மாணவன் மாநிலத்தில் முதலாவதாக வந்ததுபோல் ஹாலில் நடந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருவரும் கண் விழித்தார்கள். இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். சென்னியப்பன் மூன்று மாசத்தில் வேலைக்குப் போனார், மறுபடி தோள் கதவில் இடித்தது. தங்கைக்குத் தனியாக ஃபேன் வாங்கிப் போட்டார். யாரைப் பார்த்தாலும் "எந்தங்கச்சி குடுத்த உசுருங்க" என்று கண் கலங்குவார். அதில் ஒரு சொட்டும் பொய் இல்லை.

கலாமணியும் பேக்கரிக்குத் திரும்பினாள். ஒரு வாரத்தில் முதலாளி அவளைக் கல்லா பக்கமிருந்து எடுத்து உள்ளே பிஸ்கட் அடுக்கும் இடத்தில் போட்டுவிட்டார். நான் போய் விசாரித்தேன். விசாரிக்காமல் இருப்பேனா?

"என்னன்னு தெரீலீங்க. டீக்கு வர்க்கி இருக்குதா பன்னு இருக்குதான்னு ஆளு கேட்டுட்டு நிக்கறான், இந்தம்மா எது இருக்குதுன்னு சொல்லவே நேரமாவுது. கூட்டம் சேந்துருது."

தர்ஷிணி இன்னும் நேராகச் சொன்னாள். "எல்லாத்துக்கும் ரெண்டு செகண்ட் ஆகுதுங்க ஆன்ட்டி. சாப்டியாம்மான்னு கேட்டாக்கூட. ஸ்கூல்ல எனக்குக் கை ஒடஞ்சுதுன்னு போன் பண்ணுனாங்களே, அன்னிக்குக்கூட ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் 'எங்கீங்க'ன்னு கேட்டாங்களாம். மிஸ் லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சாங்க."

அந்த மாசக் கடைசியில் மதுவந்தி வந்தாள். குழம்பு வைக்கவில்லை, அவளாக வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

"அத்தை, யாருக்காச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?"

காப்பி கலக்கட்டுமா என்றேன். நான் பேச்சை மாற்றினால் அதுவே பதில்.

உள்ளே வந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பெயர் இல்லை, எண் மட்டும். "மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் பழைய பேச்செல்லாம் எங்க மேஜைக்கு வரும். இதப் பாருங்க. யானைக்கு ரெண்டு நொடி. ஊட்டிக்கு ரெண்டு நொடி. அண்ணன், புள்ள, சாவு, எல்லாத்துக்கும் ரெண்டு. மனுசங்க மனசு இப்படி இருக்காதுங்கத்தை. எல்லாமே ஒரே தூரத்துல நிக்குது."

"அப்பறம் எதுக்கு அனுப்புனீங்க?"

"நாங்க எங்க அனுப்புனோம்? துலா அனுப்புச்சு. வித்தியாசம் இல்லைன்னு பாத்துருக்குது. ஆனா அது மட்டும் காரணமில்ல. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவங்க எண்ணவே இல்ல."

அது சாருடைய முப்பத்தெட்டில் இல்லாத கேள்வி. மதுவந்தியின் விரல் இருந்த இடத்தில் படித்தேன்.

'எதை நினைத்தால் உங்களுக்கு அதிகப் பயம்? சரி என்று சொன்ன பிறகு வரும் நாட்களா, வேண்டாம் என்று சொன்ன பிறகு வரும் நாட்களா?'

'வேண்டாம் என்று சொன்ன பிறகு.'

பக்கத்தில் நேரம் போட்டிருந்தது. 0.4 நொடி. பேக்கரியில் தேங்காய் பன் எடுத்துக் கொடுக்கிற வேகம்.

"வேண்டாம்னு சொன்னா அண்ணன் போயிருவாரேங்கற பயம்னு துலா எடுத்துக்கிச்சு" என்றாள் மதுவந்தி. "பாசம்னு கணக்குப் போட்டுச்சு. இதுக்கு முந்தி மனசில்லாம வந்தவங்க அத்தனை பேரும் இந்தக் கேள்விக்கு 'சரின்னு சொன்ன பொறகு'ன்னுதான் சொல்லிருக்காங்க. வேண்டாம்னா யாருக்கும் தெரியப்போறதில்ல, அதுல என்ன பயம்? இவங்களுக்கு மட்டும் ஏன் தலைகீழா இருக்குதுன்னு எனக்குப் புரியல. அண்ணன் மேல அவ்வளவு பாசமா அத்தை? இல்ல, வேற எதுக்காச்சும் பயந்தாங்களா?"

எனக்கு லிஃப்ட் கதவு ஆளில்லாமல் மூடியது கண்ணில் வந்தது. விசாலத்திடம் சொன்னதையும், மறுநாள் வசந்தாமணி கலாமணியை வைத்துக்கொண்டே என் வாசலில் கேட்டதையும் சொன்னேன்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்றேன்.

"ஒண்ணும் பண்ண முடியாது. எடுத்தாச்சு. வெச்சாச்சு. அண்ணன் நல்லா இருக்காரு. இதப் போயி அவர்கிட்டச் சொன்னா அவரு உசுரோட எப்படி இருப்பாரு?" தாளை மடித்துப் பையில் வைத்தாள். "அந்த ஏற்பாடு வெளிய தெரிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுக்கறேன். மாத்தறதுக்கு வருசமாகும். அதுவரைக்கும் துலா இப்படியேதான் கேட்டுட்டிருக்கும்."

என் வாழ்க்கையில் ஒரு செய்தி கிடைத்து, யாரிடமும் சொல்லத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். விசாலம் வந்து எட்டிப் பார்த்து, "தம்பி மக வந்துட்டுப் போச்சாட்ட இருக்குது?" என்றாள். தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டேன். சி பிளாக்கில் அந்தக் கதவு பகலில் சாத்தியிருந்ததைப் பார்த்து இரண்டு பேர் நலம் விசாரிக்க வந்தார்கள்.

சாரின் முப்பத்தெட்டுக் கேள்வி இப்போது வேறு வேறு குடியிருப்புகளுக்குப் போய்விட்டது. அட்டை போட்டு, 'துலா வழிகாட்டி' என்று பெயர் வைத்து யாரோ நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள். போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். அவள் அவருக்குக் கொடுக்கப் போகிறாளாம். "நீங்கதான் கலாமணிக்கு ஆரம்பிச்சு வெச்சீங்களாமே" என்றார் அவர் மரியாதையாக. அவள் என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. நேரே ஏ பிளாக்குக்கு வழி கேட்டுக்கொண்டு போனார், அவள் பின்னாலேயே போனாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், ஏ பிளாக் வாசலைத் தாண்டுவதற்குள் அது வேறொரு பேச்சாகியிருக்கும். என் வாய் தொட்ட எதுவும் முழுசாக ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

நேற்று கலாமணி வந்தாள். உடைந்த பிஸ்கட்டை முதலாளி அவளிடமே கொடுத்துவிடுவாராம், ஒரு பொட்டலம் எனக்கும். உட்காரச் சொன்னேன்.

"காப்பியா டீயா கண்ணு?"

உதடு அசைந்தது. இப்போது எனக்கும் கூடவே எண்ண வந்துவிடுகிறது. ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு.

"காப்பிங்க்கா."

கலந்து கொடுத்தேன். "சூடு போதுமா?" ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு. "போதுமுங்க்கா." தர்ஷிணி கை சேர்ந்துவிட்டதா என்று கேட்டேன், அதற்கும் அதே இரண்டு. மேலே அண்ணன் யாரிடமோ போனில் பலமாகச் சிரிப்பது மாடிப்படி வழியாகக் கேட்டது. அவள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"எம்மேல கோவமா கண்ணு உனக்கு?"

"இல்லீங்க்கா."

நான் ஒன்றுகூட எண்ணியிருக்கவில்லை. பதில் வந்துவிட்டது.